வீட்டுக்குள் ஒரு துபாஷி



நெரவியின் எந்தத் தெருவில் நுழைந்தாலும் இன்று ஒரு காட்சியைக் காணலாம். ஓட்டு வீடாயினும் மாடி வீடாயினும், கூடத்துச் சுவரில் இரண்டு மூன்று கொம்புகளை நீட்டிக்கொண்டு ஒரு சிறு பெட்டி அமர்ந்திருக்கிறது. பெரியவர்கள் அதனை ‘வைஃபை பெட்டி’ என்பர். பிள்ளைகள் ‘ரவுட்டர்’ என்பர். துபாயிலும் சிங்கப்பூரிலும் பாரிஸிலும் சபரில் இருக்கும் நம் மக்கள் இரவுதோறும் முகம் காட்டிப் பேசுவது அப்பெட்டியின் வழியாகத்தான். பேரனின் முதல் மழலையை வாப்பா கேட்பதும், உம்மாவின் மருந்துச் சீட்டை மகன் பார்ப்பதும் அதன் வழியாகத்தான். கடை வரவு செலவும், பிள்ளைகளின் பாடமும், வங்கிக் கணக்கும் அதன் வழியாகவே சென்று வருகின்றன.

இத்தனை அந்தரங்கங்களையும் சுமக்கும் அப்பெட்டியைப் பற்றி நாம் அறிந்தது எவ்வளவு? விலை தெரியும்; மாதக் கட்டணம் தெரியும்; பச்சை விளக்கு சிவப்பானால் யாரை அழைக்க வேண்டும் என்பது தெரியும். ஆனால் அதற்குள் இருந்து நமக்காகப் பேசுகின்ற ஒருவர் இருக்கிறார். அவர் யாருடைய ஊழியர் என்பதை நாம் கேட்பதே இல்லை. இம்மாதம் அவரைப் பற்றியே எழுத விழைகிறேன்.

துபாஷி என்பவர் யார்?

காரைக்கால் மண்ணில் பிறந்தவர்களுக்குத் ‘துபாஷி’ என்னும் சொல் புதிதன்று. 1739-இல் இவ்வூர் பிரெஞ்சுக்காரர் வசமானது. கப்பலில் வந்த வணிகனுக்குத் தமிழ் தெரியாது. நெசவாளிக்கும் நெல் வியாபாரிக்கும் பிரெஞ்சு தெரியாது. இருவருக்கும் இடையே நின்று, இரு மொழியும் அறிந்து, இவர் சொன்னதை அவருக்கும் அவர் சொன்னதை இவருக்கும் எடுத்துரைத்தவரே துபாஷி. புதுச்சேரியில் கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை தமது நாட்குறிப்பால் இன்றளவும் பேசப்படுகிறார்.

துபாஷியின் வலிமை எங்கே இருந்தது? இரு தரப்பாரும் அவருடைய சொல்லைத்தான் நம்பியாக வேண்டும் என்பதில் இருந்தது. அவர் கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் கண்டுபிடிக்க வழியில்லை. அவர் ஊரை விட்டுப் போய்விட்டாலோ வணிகமே ஊமையாகிவிடும்.

கம்ப்யூட்டர் உலகிலும் இப்படி ஒரு துபாஷி உண்டு. அதற்கு ‘டிரைவர்’ என்று பெயர். வண்டி ஓட்டுபவர் என்று எண்ண வேண்டாம். அது ஒரு நிரல். கம்ப்யூட்டரை ஆளும் விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்கள் பொதுவான மொழியில் கட்டளையிடுகின்றன: “இந்தச் செய்தியை அனுப்பு, வந்ததை எடுத்துக் கொடு.” ஆனால் வானொலி அலையை எழுப்புகின்ற சில்லுக்கு இம்மொழி புரியாது. எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவில், எந்தக் கணத்தில் என்று அதற்கே உரிய குறிகளால் சொன்னால்தான் அது அசையும். அக்குறிகளை அறிந்து, இரண்டிற்கும் இடையே நின்று மொழிபெயர்ப்பது டிரைவர். சில்லுக்குள்ளேயே ஓடும் இன்னொரு சிறு நிரலும் உண்டு; அதனை ‘ஃபர்ம்வேர்’ என்பர். கூடத்துப் பெட்டியில் எல்லா நிரல்களும் ஒரே மூட்டையாக வருவதால் அம்மூட்டை முழுவதையுமே ஃபர்ம்வேர் என்று அழைப்பதும் வழக்கம்.

துபாஷி இல்லையேல் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய சாதனமும் வெறும் பிளாஸ்டிக் துண்டுதான். எங்கள் மதரஸா அலுவலகத்தில் ஒரு பழைய கம்ப்யூட்டர் உண்டு. அதில் பொருத்த விரல் அளவுள்ள வைஃபை துண்டு ஒன்றும் உண்டு. கம்ப்யூட்டருக்குப் புதிய இயங்குதளம் ஏற்றிய அன்றே அத்துண்டு ஊமையாகிவிட்டது. துண்டில் பழுது ஏதுமில்லை. புதிய இயங்குதளத்திற்கு ஏற்ற டிரைவரை அந்தக் கம்பெனி எழுதவில்லை. பழையதையும் தனது பக்கத்திலிருந்து எடுத்துவிட்டது. உயர்வகுப்பு மாணவர் ஒருவர் என்னைக் கேட்டார்: “ஹஜ்ரத், காசு கொடுத்து வாங்கிய பொருள் நம்முடையது என்றால், அதனோடு பேசத் தெரிந்தவர் மட்டும் எப்படிக் கம்பெனிக்காரருடைய ஆளாக இருக்கிறார்?”

அந்த மாணவரின் கேள்விக்குள்தான் இக்கட்டுரை முழுவதும் அடங்கியிருக்கிறது.

அட்டையில் ஒரு பெயர், உள்ளே ஒரு பெயர்

பெட்டியின் அட்டையில் காணும் பெயர் வேறு. உள்ளே இருக்கும் சில்லைச் செய்தவரின் பெயர் வேறு. நாம் கடையில் கேட்டு வாங்குவது தைவானில் 1986-இல் தொடங்கிய டி-லிங்க், சீனாவில் 1996-இல் தொடங்கிய டிபி-லிங்க் போன்ற பெயர்களை. ஆனால் உள்ளே அலையை எழுப்பும் சில்லு பெரும்பாலும் வேறு சிலருடையது: அமெரிக்காவின் பிராட்காம், குவால்காம், இன்டெல், தைவானின் ரியல்டெக், மீடியாடெக். வேட்டியின் கரையில் கடைக்காரரின் முத்திரை இருந்தாலும், நூல் வேறொரு ஆலையில் நூற்கப்பட்டிருக்கும் அல்லவா? அதுபோலத்தான்.

சில்லுக் கம்பெனிகளும் கை மாறிக்கொண்டே இருப்பவை. 1998-இல் கலிபோர்னியாவில் பிறந்த அதெரோஸ் என்னும் கம்பெனியை 2011-இல் குவால்காம் வாங்கியது. அதே ஆண்டில் ராலிங்க் என்னும் தைவான் கம்பெனி மீடியாடெக்கோடு சேர்ந்தது. 2016-இல் பிராட்காமையே அவாகோ என்ற கம்பெனி வாங்கி, பிராட்காம் என்னும் பெயரைத் தனக்குச் சூட்டிக்கொண்டது. இப்படிக் கை மாறும்போது பழைய சில்லுகளுக்கு டிரைவர் எழுதும் வேலையைப் புதிய முதலாளி தொடர்வாரா என்பது வாங்கியவருக்குத் தெரியாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரே பெயர், ஒரே நிறம், ஒரே அட்டை. ஆனால் அடியில் ஒட்டிய சீட்டில் ‘வெர்ஷன் 1’, ‘வெர்ஷன் 2’ என்று பொடி எழுத்தில் இருக்கும். இரண்டிற்கும் உள்ளே இருக்கும் சில்லு வேறாக இருக்கலாம்; துபாஷியும் வேறாவார். சென்ற ஆண்டு நண்பர் வாங்கியது நன்றாக உழைக்கிறது என்று அதே பெயரை நாம் வாங்கினால், அதே பொருள் கிடைக்கும் என்பதற்கு உறுதியில்லை.

கம்பியில்லாத் தொடர்பும் நம் கரையும்

கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் கலை நம் புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்குப் புதிதன்று. வைஃபை என்ற பெயர் பரவும் முன்பே, 1998-இல், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் வில்லியனூரை நடுவமாக வைத்து, சுற்றியுள்ள கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. தொலைபேசிக் கம்பி நம்பத்தகாத இடங்களில் வானொலிக் கருவிகள் வழியாகக் கம்ப்யூட்டர் செய்திகளை அனுப்பினர். வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு அலையின் உயரம் ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கிய அன்று, நல்லவாடு கிராமத்தில் அத்தகைய மையத்தின் ஒலிபெருக்கியே மக்களை எச்சரித்து வெளியேறச் செய்தது. காரைக்கால் கரை அன்று எத்தனை உயிர்களை இழந்தது என்பதை அறிந்த நமக்கு, உரிய நேரத்தில் வந்து சேர்ந்த ஒரு செய்தியின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

அதன் பிறகு வைஃபை வந்தது. 802.11 என்ற எண்ணால் அழைக்கப்படும் பொது நியதி 1997-இல் வகுக்கப்பட்டது. நம் நாட்டில் 2005-இல்தான் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையை யாரும் உரிமம் பெறாமல் குறைந்த வலுவில் பயன்படுத்தலாம் என்று மத்திய அரசு விதி செய்தது. சாதாரண வீட்டுக்கும் கடைக்கும் வைஃபை வந்து சேர வழி திறந்தது இப்படித்தான்.

தேனியில் நடந்தது

துபாஷி நம் வசம் இருந்தால் என்ன செய்ய முடியும் என்பதற்கு உலகம் எடுத்துக்காட்டும் சான்று ஒன்று நம் தமிழகத்தின் தேனியிலேயே இருக்கிறது.

டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை அறியாதார் இல்லை. அதன் கிளை ஒன்று தேனியில் உண்டு. சுற்று வட்டாரக் கிராமத்து மக்கள் கண்ணில் ஏதேனும் கோளாறு என்றால், ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துக்குக் காசு செலவழித்து, துணைக்கு ஓர் ஆளையும் அழைத்துக்கொண்டு தேனிக்கு வர வேண்டும். அதனாலேயே பலர் வராமல் இருந்துவிடுவர். பார்வை மங்கிக்கொண்டே போகும். ஆகவே போடி, சின்னமனூர் போன்ற ஊர்களில் சிறு கண் பரிசோதனை மையங்களை அமைத்தனர். அங்கே பயிற்சி பெற்ற பெண் உதவியாளர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியிடம் நேரில் பேசுவார். கண்ணாடி போதும் என்பவருக்கு அங்கேயே கண்ணாடி. அறுவை தேவைப்படுவோர் மட்டும் தேனிக்கு வந்தால் போதும்.

திரையில் முகம் தெளிவாகத் தெரிய வேண்டுமானால் வேகமான இணைப்பு வேண்டும். அந்நாளில் கிராமங்களில் அது கிடைக்கவில்லை. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எரிக் புரூவர் தலைமையில் இயங்கிய குழுவினர் இங்கே வந்து, வைஃபை கொண்டே ஊருக்கு ஊர் இணைப்புக் கொடுக்க முனைந்தனர். கோபுரம் எழுப்பி, ஒரே திசையில் அலையைச் செலுத்தும் ஆன்டெனாக்களை ஒன்றையொன்று நோக்கி நிறுத்தினர். அலை சென்று சேர்ந்தது. ஆயினும் வேகம் வரவில்லை. ஏன்?

கோளாறு சில்லிலோ ஆன்டெனாவிலோ இல்லை. பேசும் முறையில் இருந்தது. வைஃபை என்பது ஒரு வீட்டுக்குள், ஓர் அலுவலகத்துக்குள் பேசுவதற்கென வகுக்கப்பட்டது. ஒரு செய்தித் துண்டை அனுப்பியவுடன், “கிடைத்தது” என்ற ரசீதுக்காக அது மிகச் சொற்ப நேரமே காத்திருக்கும். அதற்குள் ரசீது வராவிட்டால், செய்தி தொலைந்தது என்று எண்ணி மீண்டும் அனுப்பும். பதினைந்து கிலோமீட்டர் தொலைவுள்ள ஓர் இணைப்பை எண்ணிப் பாருங்கள். ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கே அங்கே போக ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு ஆகும். திரும்பி வர இன்னொரு பங்கு. வீட்டுக்குள் பேசிப் பழகிய கருவிக்கு இது நெடுங்காலம். ரசீது வந்து கொண்டிருக்கும்போதே அது பொறுமையிழந்து மறுபடியும் அனுப்பத் தொடங்கிவிடும். மேலும், பேசும் முன் “வேறு யாரேனும் பேசுகிறார்களா?” என்று காது கொடுத்துக் கேட்பது வைஃபையின் ஒழுங்கு. தொலைவில் இருப்பவர் பேசத் தொடங்கியது இங்கே வந்து சேரும் முன் இவரும் பேசத் தொடங்க, இரண்டு பேச்சும் மோதிக் கலையும்.

அக்குழுவினர் பயன்படுத்திய கருவிகளில் அதெரோஸ் சில்லு இருந்தது. லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்கு ‘மேட்வைஃபை’ என்ற டிரைவர் உண்டு. அதன் பெரும்பகுதி எவரும் படிக்கவும் திருத்தவும் தக்கதாகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. அடித்தளத்தில் ஒரு பகுதி மட்டும் பூட்டப்பட்டிருந்தது. திறந்திருந்த அளவுக்குள் கைவைத்து அவர்கள் துபாஷிக்குப் புதிய ஒழுங்கைக் கற்பித்தனர். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு ரசீது என்பதை விடுத்து, ஒரு கட்டுக்கு ஒரு ரசீது என்றாக்கினர். யார் முந்துவது என்ற போட்டியை விடுத்து, இன்ன நேரம் நீ பேசு, இன்ன நேரம் நான் பேசுகிறேன் என்று முறை வகுத்தனர். 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின்படி, இத்தகைய நெடுந்தொலைவு இணைப்புகளில் பழைய முறையைப் போல 2 முதல் 5 மடங்கு வரை வேகம் கிடைத்தது.

சகோதரர்களே, சிந்தித்துப் பாருங்கள்! சில்லு அதுவே, ஆன்டெனா அதுவே, மாறியது துபாஷியின் பேச்சு மட்டுமே. அந்த டிரைவர் முழுவதும் பூட்டப்பட்டிருந்தால் அவர்கள் என்ன செய்திருக்க முடியும்? எங்கோ இருக்கும் கம்பெனிக்கு விண்ணப்பம் எழுதிக் காத்திருந்திருப்பர். கிராமத்துக் கிழவியின் கண்ணுக்காகத் தன் டிரைவரைத் திருத்தி எழுத எந்தச் சில்லுக் கம்பெனிக்கு நேரம் இருக்கும்?

பூட்டி வைப்பது ஏன்?

கம்பெனிகளின் தரப்பையும் நேர்மையாகக் கேட்க வேண்டும். பூட்டுவதற்கு அவர்கள் மூன்று காரணங்களைச் சொல்வதுண்டு. டிரைவரைப் படித்தால் சில்லின் அமைப்பு போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்பது ஒன்று. காப்புரிமை வழக்குகளுக்கு இடம் கொடுக்க நேரும் என்பது இரண்டு. மூன்றாவது காரணமே கனமானது: இன்றைய சில்லு எந்த அலைவரிசையில், எவ்வளவு வலுவில் பேசுவது என்பதை நிரலே முடிவு செய்கிறது. பூட்டைத் திறந்தால் எவரேனும் தடை செய்யப்பட்ட அலைவரிசையில் பேசிப் பிறருக்கு இடையூறு செய்யக்கூடும்.

இது வெறும் சாக்குப்போக்கன்று. 2009-இல் போர்ட்டோ ரீகோ தீவின் சான் ஹுவான் விமான நிலையத்து வானிலை ராடாருக்கு, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் இயங்கிய கம்பியில்லாக் கருவிகள் இடையூறு செய்தது தெரிய வந்தது. நம் காரைக்காலிலும் புயலைக் கண்காணிக்கும் டாப்ளர் ராடார் உண்டு. அது இயங்கும் அலைவரிசை வேறு என்றாலும், ராடாரின் கண்ணை மறைப்பது எத்தகைய தீங்கு என்பதைப் புயல் கண்ட மக்களாகிய நாம் நன்கு உணர்வோம்.

ஆயினும் இக்காரணம் முழுப் பூட்டுக்கு நியாயம் ஆகாது. கத்தி விற்பவர், கையை வெட்டிக்கொள்ளாதே என்று எச்சரிக்கலாம். சாணை பிடிக்கும் உரிமையையே தன்னிடம் வைத்துக்கொள்ளலாமா? அமெரிக்க அரசின் தொலைத்தொடர்பு ஆணையமே இதற்கு ஒரு முன்மாதிரி காட்டியது. அனுமதித்ததைவிடக் கூடுதல் வலுவில் இயக்கக்கூடிய ரவுட்டர்களை விற்றதற்காக 2016-இல் டிபி-லிங்க் கம்பெனி 2,00,000 டாலர் செலுத்த ஒப்புக்கொண்டது. அதே உடன்பாட்டில், வெளியார் எழுதும் திறந்த நிரல்களைத் தன் ரவுட்டர்களில் ஏற்ற வழி செய்வதற்கு முயல வேண்டும் என்ற நிபந்தனையையும் ஏற்றது. விதியையும் காக்கலாம், வாங்கியவரின் உரிமையையும் காக்கலாம் என்பதே இதன் கருத்து.

பூட்டுத் திறந்த வரலாறு

பூட்டுகள் தாமாகத் திறக்கவில்லை. பிராட்காம் சில்லுகளுக்கு லினக்ஸ் டிரைவர் இல்லாமல் இருந்தது. தன்னார்வலர்கள் சிலர், சில்லு எவ்வாறு நடந்துகொள்கிறது என்பதைக் கூர்ந்து நோக்கி, கம்பெனியின் உதவியின்றியே ஒரு டிரைவரை எழுதினர். 2006-இல் அது லினக்ஸோடு சேர்ந்தது. அப்போதும் ஃபர்ம்வேர் மட்டும் கம்பெனியின் உடைமையாகவே இருந்தது. பயன்படுத்துவோர் அதனைப் பழைய விண்டோஸ் டிரைவரிலிருந்து பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. 2010-இல்தான் பிராட்காம் தானே திறந்த டிரைவர் ஒன்றை வெளியிட்டது. அதெரோஸ் 2008-இல் தன் புதிய சில்லுகளுக்குத் திறந்த டிரைவர் வெளியிட்டதோடு, பூட்டி வைத்திருந்த அந்த அடித்தளப் பகுதியையும் திறந்துவிட்டது. ‘ஏ.டி.எச்.9கே’ என்னும் அந்த டிரைவரால் இயங்கும் பழைய அட்டைகள், கம்பெனி கை மாறிப் பல ஆண்டுகள் கழிந்த பின்பும் லினக்ஸில் தடையின்றி வேலை செய்கின்றன. துபாஷி ஊராரின் பொதுப்பிள்ளை ஆகிவிட்டதால் அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ள எவராலும் இயலவில்லை.

ரவுட்டர்களின் கதை இன்னும் சுவையானது. லிங்க்சிஸ் கம்பெனியின் ‘டபிள்யூ.ஆர்.டி.54ஜி’ என்னும் நீலக் கறுப்புப் பெட்டி 2002-இன் இறுதியில் வந்தது. அடுத்த ஆண்டில் சிஸ்கோ என்னும் பெருங்கம்பெனி லிங்க்சிஸை வாங்கியது. அப்பெட்டிக்குள் லினக்ஸ் இருப்பதைச் சிலர் கண்டுபிடித்தனர். லினக்ஸ் நிரல் ஒரு நிபந்தனையோடு வழங்கப்படுவது: யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், திருத்தலாம், விற்கலாம்; ஆனால் அதனை விநியோகிப்பவர் அதன் மூல எழுத்தைப் பெறுபவருக்கு மறுக்கக் கூடாது. நம் வழக்கில் சொல்வதானால், ஏறத்தாழ வக்ஃபு செய்யப்பட்ட கிணற்றைப் போன்றது. எல்லோரும் நீர் மொள்ளலாம்; ஒருவர் சுவர் எழுப்பிக்கொள்ள முடியாது. மக்கள் கேட்டனர், 2003-இல் மூல எழுத்து வெளியிடப்பட்டது. அதிலிருந்து ‘ஓப்பன் டபிள்யூ.ஆர்.டி.’ என்ற திறந்த நிரல் பிறந்தது. கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ பழைய பெட்டிகளுக்கு இன்றும் அது உயிர் கொடுத்துக்கொண்டிருக்கிறது. 2005-இல் அதே பெட்டியின் ஐந்தாம் வெர்ஷனில் நினைவகத்தைக் குறைத்து, லினக்ஸை எடுத்துவிட்டு, வேறு நிரலை வைத்தனர். வாங்குவோர் லினக்ஸ் பெட்டியே வேண்டும் என்றபோது, அதற்கெனத் தனியாக ‘ஜி.எல்.’ என்ற வகையை விற்பனைக்குக் கொண்டு வந்தனர். வாங்குபவர் கேட்டால் விற்பவர் செவி சாய்ப்பார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

கேட்காதிருந்தால் வரும் கேடு

“டிரைவர் பழசானால் என்ன, வேலை செய்கிறதே!” என்று சிலர் கூறலாம். 2017-இல் மேத்தி வான்ஹூஃப் என்ற பெல்ஜிய ஆய்வாளர், வைஃபைக்குப் பூட்டாக இருந்த ‘டபிள்யூ.பி.ஏ.2’ முறையில் ஒரு விரிசலைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அருகில் இருக்கும் தீயவர் நம் பேச்சை ஒட்டுக் கேட்க அது இடம் தந்தது. திருத்தப்பட்ட நிரலை ஏற்றிய கருவிகள் தப்பின. கம்பெனி கைவிட்ட கருவிகளில் விரிசல் அப்படியே நின்றது. 2018-இல் ‘வி.பி.என்.ஃபில்டர்’ என்னும் தீய நிரல் 54 நாடுகளில் குறைந்தது 5,00,000 ரவுட்டர்களிலும் அவை போன்ற கருவிகளிலும் புகுந்தது என்று ஆய்வாளர்கள் அறிவித்தனர். வீட்டுக்குள் நடப்பது வெளியே போகக் கூடாது என்று வாசலுக்குத் திரை போடும் நாம், திரைக்கு உள்ளேயே உட்கார்ந்திருக்கும் பெட்டியைக் கவனியாது விடலாமா?

குறையைச் சொல்லி விற்பதே வாணிப ஒழுக்கம் என்று பிள்ளைகளுக்குப் போதிக்கிறோம். இந்தப் பெட்டிக்கு எத்தனை ஆண்டுகள் திருத்தம் தருவோம் என்பதை அட்டையில் அச்சிடாமல் விற்பதும் குறையை மறைத்து விற்பதே ஆகும். அதனைக் கேட்டு வாங்குவது நமது கடமை.

இல்லத்தார் செய்ய வேண்டியவை

ஒன்று: வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். இதற்குக் கடைசியாக எப்போது புதிய ஃபர்ம்வேர் வந்தது, இன்னும் எத்தனை ஆண்டுகள் வரும் என்று கேளுங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால், கம்பெனியின் பக்கத்தில் அந்த வெர்ஷன் எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். படிக்கும் பிள்ளைகள் ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்வார்கள்.

இரண்டு: பெட்டியின் நிர்வாகப் பக்கத்திற்குக் கம்பெனி இட்டு அனுப்பிய கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். ‘அட்மின்’ என்றே இருந்தால் அது பூட்டு அன்று. மாற்றியதை ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வையுங்கள்.

மூன்று: ஆண்டுக்கு இரண்டு முறையேனும் புதிய ஃபர்ம்வேர் உண்டா என்று பாருங்கள். இணைப்புக் கொடுக்கும் கம்பெனியே தந்த பெட்டியாயின், அவர்களிடமே கேளுங்கள்.

நான்கு: நம் பழைய வீடுகளின் சுவர்கள் கனமானவை. தெருத் திண்ணைப் பக்கம் பெட்டியை வைத்துவிட்டுக் கொல்லைப்புற அறையில் படம் அசையவில்லை என்று வருந்திப் பயனில்லை. வீட்டின் நடுவில், உயரமான இடத்தில், இரும்பு பீரோவுக்கு விலகி வையுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவரை ஓரளவு கடந்து செல்லும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகம் மிக்கது, ஆனால் சுவருக்கு எளிதில் தளரும். எந்த அறைக்கு எது என்று தெரிந்து பயன்படுத்துங்கள்.

ஐந்து: மின்சாரத்தைக் கவனியுங்கள். தேனி முதலிய இடங்களில் பணியாற்றிய அதே பெர்க்லி குழுவினர் 2008-இல் எழுதிய கட்டுரையில், கிராமத்துக் கம்பியில்லாக் கருவிகளைப் பெரிதும் கெடுத்தது ஒழுங்கற்ற மின்சாரமே என்று குறிப்பிட்டனர். ஐப்பசி, கார்த்திகை மழையில் இடி மின்னல் வரும்போது பெட்டியின் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். மொட்டை மாடியில் கருவி வைத்திருப்போர் உப்புக் காற்றுக்கும் மறைவு செய்யுங்கள்.

ஆறு: பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்குப் போடும் முன் லினக்ஸ் ஏற்றிப் பாருங்கள். நம் நாட்டிலேயே சென்னையில் உருவாகி 2007-இல் வெளிவந்த ‘பாஸ்’ என்ற லினக்ஸும் உண்டு. உள்ளிருக்கும் வைஃபை அட்டைக்குத் திறந்த டிரைவர் இருந்தால் அது மீண்டும் பேசத் தொடங்கும். மதரஸாவுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ அளித்தால் நான்கு பிள்ளைகள் கற்பார்கள். கம்ப்யூட்டர் நன்கொடை தருவோர் இதையும் சோதித்துத் தந்தால் பெற்றுக்கொள்வோரின் சிரமம் குறையும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல்

2010-இல் தொடங்கிய தேசியத் தொழில்நுட்பக் கழகம் இன்று நம் காரைக்காலிலேயே இருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் அங்கும் பிற கல்லூரிகளிலும் கம்ப்யூட்டர் பொறியியல் படிக்கின்றனர். வெளிநாட்டு வேலைக்கான தகுதி என்ற அளவோடு அப்படிப்பை நிறுத்திவிட வேண்டாம். திறந்த டிரைவர்களின் எழுத்து எவரும் படிக்கத் தக்கதாக இருக்கிறது. ஆசிரியரிடம் அனுமதி பெற்று ஒரு பழைய ரவுட்டரைத் திறந்து, உள்ளே எந்தச் சில்லு இருக்கிறது என்று பாருங்கள். அதன் டிரைவரை எடுத்து ஒரு பக்கமாவது வாசியுங்கள். தேனியில் கண் பார்த்த அந்த ஏற்பாட்டுக்கு வேண்டியிருந்தது புதிய சில்லைக் கண்டுபிடிக்கும் மேதைமை அன்று. இருக்கும் சில்லோடு பேசத் தெரிந்த சில இளைஞர்களின் பொறுமையே. அந்தப் பொறுமை நெரவித் தெருக்களிலும் உண்டு என்பதை அறிந்தே இதனை எழுதுகிறேன்.

பெற்றோர்களே, அடுத்த முறை கடைக்குச் செல்லும்போது அந்த மாணவர் கேட்ட கேள்வியையே விற்பவரிடம் கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கேட்பார். நூறு பேர் கேட்டால் அது கம்பெனியின் காதுக்கும் எட்டும்.

அடுத்த மாதம் வேறொரு பொருளோடு சந்திப்போம், இன்ஷா அல்லாஹ். வஸ்ஸலாம்.